‘தேவைப்பட்டால் கொடுக்கவும்’: வலியைக் கவனிப்பதில் நர்ஸின் வேலை

ஆபரேஷன் முடிந்து வார்டுக்கு வரும் நோயாளியின் கேஸ் ஷீட்டைப் புரட்டினால், வலி மருந்துகள் அநேகமாக இரண்டு விதமாக எழுதப்பட்டிருக்கும். சிலவற்றுக்கு எதிரே நேரம் இருக்கும்: ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை, எட்டு மணி நேரத்துக்கு ஒருமுறை என்று. இன்னும் சிலவற்றுக்கு எதிரே ‘தேவைப்பட்டால் கொடுக்கவும்’ என்று மட்டும் இருக்கும். எழுதிய டாக்டர் கையெழுத்துப் போட்டுவிட்டு அடுத்த வார்டுக்குப் போயிருப்பார். தேவைப்படுகிறது என்று யார் சொல்வது? நோயாளி வாய்விட்டுக் கேட்டால்தான் தேவையா, முகம் சுளித்தாலே தேவையா? எழுதியிருக்கும் அளவில் குறைந்ததைக் கொடுப்பதா, அதிகபட்சத்தைக் கொடுப்பதா? கொடுத்த மருந்து கேட்டதா? கேட்காவிட்டால் அப்புறம் என்ன? இத்தனைக்கும் பதில் சொல்லும் பொறுப்பு அந்த ஷிஃப்டில் இருக்கும் நர்ஸின் தலையில் விழுகிறது.

மருந்து எழுதுவது டாக்டர், எழுதியதைப் போடுவது நர்ஸ் என்ற கணக்குதான் வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்குத் தெரியும். வார்டில் படுத்தவர்களுக்கு வேறொன்றும் தெரியும். அதே மருந்து, அதே அளவு. ஆனாலும் ஒரு ஷிஃப்டில் நிம்மதியாக எழுந்து நடக்கிறவர், அடுத்த ஷிஃப்டில் பல்லைக் கடித்துக்கொண்டு அசையாமல் கிடப்பார். மருந்தை எப்போது கொடுத்தார்கள், கொடுத்த பிறகு யாராவது திரும்பி வந்து பார்த்தார்களா என்பதில்தான் பெரும்பாலும் வித்தியாசம். என்னைக் கேட்டால், திரும்பி வந்து பார்ப்பதுதான் இந்த வேலையின் பாதி. ஆனால் அதற்குத்தான் யாரும் நேரம் ஒதுக்கித் தருவதில்லை.

சொன்னதை நம்புவது

ஸ்கேனில் கட்டி தெரியும், எலும்பு முறிவு தெரியும், வலி தெரியாது. அதைக் காட்டும் இரத்தப் பரிசோதனையும் கிடையாது. நோயாளி சொல்வதுதான் முதல் சான்று, பல நேரம் ஒரே சான்று. இதை நர்ஸிங் துறையின் பாடமாக்கியவர் மார்கோ மெக்காஃப்ரி என்ற அமெரிக்க நர்ஸ். அனுபவிப்பவர் எதை வலி என்கிறாரோ அதுதான் வலி, இருக்கிறது என்று அவர் சொல்லும்போது அது இருக்கிறது என்ற கருத்தை அவர் 1968-இல் முன்வைத்தார். இன்று இது சாதாரணமாகத் தோன்றலாம். ஆனால் நோயாளியின் வலி நிஜமா நடிப்பா என்று தீர்ப்புச் சொல்வது தங்கள் வேலை என்று மருத்துவப் பணியாளர்கள் நினைத்திருந்த காலம் ஒன்று உண்டு. சந்தேகம் வந்தால் வெறும் உப்பு நீரை ஊசியில் ஏற்றிப் போட்டு, குறைந்துவிட்டது என்று நோயாளி சொன்னால், பார்த்தாயா பொய் என்று முடிவு கட்டும் வழக்கமும் இருந்தது. உண்மையில் அந்தச் சோதனை எதையும் நிரூபிக்காது. நிவாரணம் வரப்போகிறது என்ற எதிர்பார்ப்பே மூளையில் உடலின் சொந்த வலி நிவாரணிகளைச் சுரக்கவைக்கும். நிஜமான வலியும் அதனால் கொஞ்ச நேரம் குறையும். நோயாளியை ஏமாற்றி இப்படி ஊசி போடுவது நெறிக்குப் புறம்பானது என்பதே இன்றைய நிலைப்பாடு.

சர்வதேச வலி ஆய்வுச் சங்கம் 1979-இல் வெளியிட்ட தன் வரையறையை 2020-இல் திருத்தியது. வலி என்பது உடல் உணர்வும் மன உணர்வும் கலந்த, விரும்பத்தகாத ஓர் அனுபவம்; திசு சேதத்தோடு சேர்ந்து வருவதாகவோ அதைப் போன்றதாகவோ இருக்கும் என்பது அதன் சாரம். நர்ஸுக்கு அதிகம் உதவுவது கூடவே சேர்த்த குறிப்புகள்தான்: தனக்கு வலி என்று ஒருவர் சொன்னால் அதை மதிக்க வேண்டும், வாயால் சொல்ல முடியாதவருக்கு வலியே இல்லை என்று ஆகிவிடாது.

நம்ப வேண்டும் என்று சொல்வது சுலபம். ஃபோனில் சிரித்துப் பேசிக்கொண்டிருப்பவர், திரும்பி ‘பத்துக்கு எட்டு’ என்று சொன்னால் யாருக்கும் ஒரு கணம் சந்தேகம் வரும். நாடித் துடிப்பும் இரத்த அழுத்தமும் சாதாரணமாக இருந்தால் சந்தேகம் இன்னும் வலுக்கும். ஆனால் திடீர் வலியில் ஏறும் நாடியும் அழுத்தமும், வலி நீடிக்க நீடிக்கப் பழைய நிலைக்குத் திரும்பிவிடும். மாதக்கணக்கில் வலியோடு வாழ்கிறவர் சிரிப்பார், சாப்பிடுவார், அசதியில் தூங்கியும் போவார். தூங்குவதால் வலி இல்லை என்று எழுதுவது வார்டுகளில் அடிக்கடி நடக்கும் தவறு. நோயாளி சொல்லும் எண்ணைவிட மருத்துவப் பணியாளர் ஊகிக்கும் எண் குறைவாக இருப்பதைப் பல ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன. அனுபவம் கூடக் கூட ஊகம் சரியாகும் என்றுதானே நினைப்போம்? பலருக்கு நேர்மாறாக நடக்கிறது. ஓயாமல் வலியைப் பார்த்துப் பார்த்துக் கண் மரத்துப்போகிறது.

மறுபக்கம், வலி இருந்தும் சொல்லாதவர்கள். இவர்கள்தான் எண்ணிக்கையில் அதிகம் என்று நினைக்கிறேன். சிஸ்டருக்கு ஏற்கெனவே வேலை தலைக்கு மேல், தொந்தரவு செய்ய வேண்டாம் என்பார்கள். ஊசிக்குப் பயப்படுவார்கள். அந்த மருந்து பழக்கமாகிவிடும் என்று யாரோ சொல்லியிருப்பார்கள். புற்றுநோய் உள்ளவருக்கு இன்னொரு பயமும் உண்டு: வலி கூடியது என்று சொன்னால் நோய் முற்றியது என்று டாக்டர் சொல்லிவிடுவாரோ என்று. இவர்களிடம் ‘வலி இருக்கா?’ என்று கேட்டால் வரும் பதில் ஒன்றுதான்.

“வலி எப்படி இருக்கு?”

“பரவாயில்லை சிஸ்டர்.”

“சரி, ஒரு தடவை நல்லா இருமிக் காட்டுங்க.”

வயிற்றில் ஆபரேஷன் ஆனவர் தையல் மேல் கையை வைத்து அழுத்திக்கொண்டு, பாதி இருமலோடு நிறுத்திவிடுகிறார். பரவாயில்லை என்றது அசையாமல் படுத்திருக்கும்வரைதான். படுத்திருக்கும்போது உள்ள வலி வேறு, அசையும்போது வரும் வலி வேறு. ஆபரேஷனுக்குப் பிறகு இரண்டாவதுதான் முக்கியம். இரும முடியாதவருக்கு நெஞ்சில் சளி தேங்கும், ஆழமாக மூச்சு இழுக்க மாட்டார், நுரையீரலின் அடிப்பகுதி சரியாக விரியாது, அடுத்து நிமோனியா. எழுந்து நடக்க முடியாதவருக்குக் காலில் இரத்தம் உறையும் ஆபத்து. கடுமையான வலியை அப்படியே விட்டால், காயம் ஆறிய பிறகும் மாதக்கணக்கில் நீடிக்கும் வலியாக அது மாறும் வாய்ப்பும் கூடுகிறது. அவர் பொறுத்துக்கொள்கிறார், நல்ல நோயாளி என்று விட்டுவிட்டால், பின்னால் வருவது அவருக்குத்தான் கேடு.

எண் எதற்கு

பூஜ்யத்திலிருந்து பத்து வரை ஓர் எண் சொல்லச் சொல்வதுதான் எங்கும் உள்ள முறை. பொதுவாக ஒன்று முதல் மூன்று வரை லேசானது, நான்கு முதல் ஆறு வரை நடுத்தரம், ஏழும் அதற்கு மேலும் கடுமையானது. ஒருவரின் ஆறையும் பக்கத்துப் படுக்கைக்காரரின் ஆறையும் ஒப்பிடுவதில் அர்த்தமில்லை. காலையில் எட்டு என்றவர் மருந்துக்குப் பிறகு நாலு என்றால், அந்த இறக்கம்தான் செய்தி. எண்ணோடு சேர்த்துக் கேட்க வேண்டியவையும் உண்டு: எங்கே, எப்போது தொடங்கியது, எங்காவது பரவுகிறதா, எதைச் செய்தால் கூடுகிறது, எதனால் குறைகிறது, எப்படிப்பட்ட வலி. குடைகிறது, பிசைகிறது, விண்விண் என்று தெறிக்கிறது, சுளீர் என்று இழுக்கிறது, தீயாய் எரிகிறது என்று நோயாளி தானாகவே சொல்லிவிடுவார்; அதை அப்படியே எழுதிவைப்பது நல்லது. எரிகிறது, ஷாக் அடித்த மாதிரி இழுக்கிறது, துணி பட்டாலே தாங்கவில்லை என்பதெல்லாம் நரம்பு சேதமடைந்த வலியாக இருக்கலாம். அதற்கு வழக்கமான வலி மாத்திரைகள் அவ்வளவாகக் கேட்காது. கபபென்டின், அமிட்ரிப்டிலின் போன்ற வேறு வகை மருந்துகள் தேவைப்படும். டாக்டர் மருந்தை மாற்றி எழுதுவதற்கான காரணம் பல நேரம் நர்ஸ் எழுதிவைத்த அந்த ஒரு வரியில் இருக்கும்.

எண் சொல்லத் தெரியாத வயதுக்கு முகப் படங்கள். டோனா வோங் என்ற குழந்தைகள் நலச் செவிலியரும் கோனி பேக்கர் என்பவரும் 1980-களில் உருவாக்கிய, சிரிக்கும் முகத்தில் தொடங்கி அழும் முகத்தில் முடியும் ஆறு படங்கள் உலகம் முழுக்கப் பரவின. இதைத் தப்பாகப் பயன்படுத்துபவர்களும் நிறைய. குழந்தையின் முகத்தைப் பார்த்து, எந்தப் படம் மாதிரி இருக்கிறது என்று பெரியவர் முடிவு செய்வதற்கானது அல்ல அது. குழந்தைதான் விரலால் தொட்டுக் காட்ட வேண்டும்.

அதுவும் முடியாத சிசுக்களுக்கு முகம், கால்கள், அசைவு, அழுகை, தேற்றினால் அடங்குகிறதா என்ற ஐந்தையும் பார்த்து மதிப்பெண் போடும் ‘ஃப்ளாக்’ முறை 1997-இல் வந்தது. மறதி நோய் முற்றிய முதியவர்களுக்கு மூச்சு விடும் விதம், முனகல், முகக் குறி, உடம்பை விறைத்துக்கொள்வது, தேற்றினால் அடங்குவது ஆகியவற்றைப் பார்க்கும் முறை இருக்கிறது. ஐ.சி.யு.வில் வாயில் குழாய் போட்டு மயக்கத்தில் இருப்பவருக்கும் தனி அளவுகோல் உண்டு.

மறதி நோய் உள்ளவர்களைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும். இரவில் கத்துகிறார், குளிப்பாட்டப் போனால் அடிக்க வருகிறார், சாப்பாட்டைத் தட்டிவிடுகிறார் என்று ரிப்போர்ட் வரும். அமைதிப்படுத்தும் மாத்திரை எழுதப்படும். அவரும் சுருண்டு படுத்துவிடுவார். அவருக்குப் பல்லில் சீழ் இருந்திருக்கலாம், இடுப்பு மூட்டு தேய்ந்திருக்கலாம், நாலு நாளாக மலம் கழியாமல் வயிறு உப்பியிருக்கலாம். தனக்கு என்ன என்று சொல்லத் தெரியாதவருக்கு அடிக்க வருவதுதான் மிச்சமிருக்கும் மொழி. எந்த நேரத்தில், உடம்பில் எங்கே தொடும்போது அவர் கோபப்படுகிறார் என்பதைத் தினமும் குளிப்பாட்டி உடை மாற்றுகிறவரால்தான் கவனிக்க முடியும். முறையாகக் கொடுத்துப் பார்த்த பாராசிட்டமாலிலேயே இந்தக் கலவரம் அடங்கியவர்கள் உண்டு.

எண்ணின் மேல் அதிக நம்பிக்கை வைத்தால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்க அனுபவம் இருக்கிறது. நாடி, மூச்சு, வெப்பம், இரத்த அழுத்தம் என்ற நான்கோடு வலியையும் ஐந்தாவது உயிர்க்குறியாகச் சேர்க்க வேண்டும் என்ற இயக்கம் அங்கே 1990-களின் நடுவில் எழுந்தது. 2001-இல் மருத்துவமனைத் தரச் சான்றிதழுக்கான விதிகளிலும் வலியை மதிப்பிடுவது கட்டாயமானது. நோக்கம் நல்லதுதான், அதுவரை வலியை யாரும் கேட்காத நிலைதான் இருந்தது. ஆனால் எண்ணைக் குறைத்துக் காட்டும் அவசரமும், மருந்துக் கம்பெனிகளின் விளம்பரமும் சேர்ந்து, மார்ஃபின் வகையைச் சேர்ந்த ஓபியாய்டு மருந்துகள் தாராளமாகப் புழங்கின. அடிமைத்தனமும் சாவுகளும் பெருகிய பிறகு, 2016-இல் அமெரிக்க மருத்துவச் சங்கம் ஐந்தாவது உயிர்க்குறி என்ற கருத்தைக் கைவிடச் சொன்னது. மறுபடியும் கேட்காமல் விடுவது இதற்குத் தீர்வாகாது. எழுந்து நடக்க முடிகிறதா, தூங்க முடிகிறதா, மூச்சுப் பயிற்சி செய்ய முடிகிறதா என்பதையும் சேர்த்துக் கேட்பதுதான் இப்போதைய போக்கு. ஷிஃப்ட் முடிகிற நேரத்தில் உட்கார்ந்து எல்லார் சார்ட்டிலும் ‘2, 2, 2’ என்று நிரப்பும் பழக்கத்தை மட்டும் எந்த அளவுகோலாலும் திருத்த முடியாது.

மணி பார்த்துக் கொடுப்பது

வலி உச்சத்துக்குப் போன பிறகு அதைக் கீழே இறக்க அதிக மருந்து வேண்டும், அதிக நேரமும் ஆகும். இதை முறையாக நிறுவிக் காட்டியவர்களில் முக்கியமானவர் சிசிலி சாண்டர்ஸ். முதலில் நர்ஸாகப் பயிற்சி பெற்று, முதுகு வலியால் அந்த வேலையைத் தொடர முடியாமல் மருத்துவ சமூகப் பணிக்குப் போய், பிறகு டாக்டருக்குப் படித்தவர். 1967-இல் லண்டனில், இறுதிக்கால நோயாளிகளைப் பராமரிக்கும் செயின்ட் கிறிஸ்டோபர்ஸ் ஹாஸ்பிஸைத் தொடங்கினார். நோயாளி கத்திக் கேட்கும்வரை காத்திருக்காமல், முந்தைய டோஸ் தீருவதற்குள் அடுத்ததைக் கொடுப்பது அவர் வலியுறுத்திய முறை. புற்றுநோய் வலிக்காக உலக சுகாதார நிறுவனம் 1986-இல் வெளியிட்ட வழிகாட்டியிலும் இது இடம்பெற்றது: முடிந்தவரை வாய்வழியாக, மணி பார்த்து.

வார்டில் இதன் அர்த்தம் எளிமையானது. நேரம் குறித்த பாராசிட்டமாலை, ‘இப்போ வலி இல்லையே’ என்று தவிர்க்கக் கூடாது. இப்போது வலி இல்லாததற்குக் காரணமே போன வேளை மாத்திரைதான். பாராசிட்டமால், அழற்சியைக் குறைக்கும் மருந்து, தேவைக்கு ஓபியாய்டு என்று வெவ்வேறு வழியில் வேலை செய்பவற்றைச் சேர்த்துக் கொடுத்தால் ஒவ்வொன்றும் குறைந்த அளவே போதும். இதில் நர்ஸ் பார்க்க வேண்டிய கணக்கு ஒன்று உண்டு. பெரியவருக்கு ஒரு நாளைக்குப் பாராசிட்டமால் 4 கிராமுக்கு மேல் போகக் கூடாது. மெலிந்தவர், கல்லீரல் கெட்டவர் என்றால் இன்னும் குறைவு. ஜலதோஷ மாத்திரையிலும் கூட்டு மருந்துகளிலும் அது ஒளிந்திருக்கும். வெவ்வேறு பெயரில் மூன்று மாத்திரை எழுதியிருந்தால் மூன்றிலும் அதே மருந்து இருக்கலாம். வயிற்றுப் புண், சிறுநீரகக் கோளாறு உள்ளவருக்கு அழற்சி மருந்து எழுதியிருந்தால், கொடுப்பதற்கு முன்னால் ஒருமுறை கேட்டுவிடுவது நல்லது.

இன்னொன்று, நாமே ஏற்படுத்தப்போகும் வலி. தீக்காயத்துக்கு டிரெஸ்ஸிங் மாற்றப்போகிறோம், பிசியோதெரபிக்கு அழைத்துப்போகப் போகிறோம் என்றால், வாய்வழி மருந்தை முக்கால் மணி, ஒரு மணி நேரத்துக்கு முன்பே கொடுத்திருக்க வேண்டும். டிரெஸ்ஸிங் டிராலியைத் தள்ளிக்கொண்டு வந்த பிறகு மாத்திரை கொடுத்தால், வேலை முடிந்து எல்லோரும் போன பிறகுதான் அது வேலை செய்யத் தொடங்கும். இது எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஆனாலும் நடக்காததற்குக் காரணம், டிரெஸ்ஸிங் எத்தனை மணிக்கு என்பது யாருக்கும் முன்கூட்டித் தெரியாமலிருப்பது. சர்ஜனின் ரவுண்ட்ஸ் நேரத்தைக் கேட்டுவைத்துக்கொள்ளும் நர்ஸ் அன்று நோயாளிக்குப் பெரிய உபகாரம் செய்கிறார்.

மூச்சை எண்ணுவது

மார்ஃபின் போன்ற ஓபியாய்டுகளைப் பற்றி நர்ஸுகளிடமே இரண்டு பயங்கள் உண்டு: அடிமையாகிவிடுவார், மூச்சு நின்றுவிடும். முதல் பயத்தால் எழுதியதில் பாதி கொடுப்பது, முடிந்தவரை தள்ளிப்போடுவது எல்லாம் நடக்கிறது. சில நாள் ஆபரேஷன் வலிக்காகக் கண்காணிப்பில் கொடுக்கும் மருந்தால் அடிமையாகும் வாய்ப்பு குறைவு. ஏற்கெனவே போதைப் பழக்கம் உள்ளவருக்கும், வீட்டுக்கு மாதக்கணக்கில் மாத்திரை கொடுத்தனுப்பும்போதும் ஆபத்து கூடுதல். நீண்ட நாள் எடுப்பவருக்கு அளவைக் கூட்ட வேண்டியிருப்பதும், திடீரென்று நிறுத்தினால் வியர்வையும் நடுக்கமும் வருவதும் உடலின் பழக்கம். தீங்கு என்று தெரிந்தும் மருந்தைத் தேடி அலைவதுதான் அடிமைத்தனம். இரண்டையும் குழப்பினால், புற்றுநோயாளி வலி தாங்காமல் மணி பார்த்துக்கொண்டிருப்பதுகூட ‘மருந்து தேடுகிறார்’ என்று கேஸ் ஷீட்டில் ஏறிவிடும்.

இரண்டாவது பயம் நியாயமானது, ஆனால் அதற்கு வழி இருக்கிறது. மூச்சு குறைவதற்கு முன்னால் அநேகமாக மயக்கம் கூடும். கூப்பிட்டால் கண் திறந்து பேசுகிறவர் பிரச்சினையில்லை. பேசிக்கொண்டிருக்கும்போதே பாதி வாக்கியத்தில் தூங்கிப்போகிறவருக்கு அடுத்த டோஸ் கொடுக்கக் கூடாது. உடனே சொல்ல வேண்டும், பக்கத்திலேயே இருந்து பார்க்க வேண்டும். மூச்சை அரை நிமிடம் பார்த்து இரண்டால் பெருக்காமல் முழு நிமிடமும் எண்ண வேண்டும், தொட்டு எழுப்புவதற்கு முன்பே எண்ண வேண்டும். எழுப்பினால் மூச்சு கூடிவிடும். ஓபியாய்டு போட்டவர் குறட்டை விட்டு அசந்து தூங்கினால் நிம்மதியான தூக்கம் என்று குடும்பத்தார் சந்தோஷப்படுவார்கள். மூச்சுப் பாதை பாதி அடைபட்டால் வருவதும் அதே சத்தம்தான். ஆக்ஸிஜன் வைத்திருப்பவருக்கு விரலில் மாட்டும் கருவி 98 காட்டிக்கொண்டே இருக்கும், உள்ளே கரியமில வாயு ஏறிக்கொண்டிருக்கும். நிலைமை கைமீறினால் நலாக்ஸோன் ஊசி மருந்தின் வேகத்தை முறிக்கும். ஆனால் அதன் பலன் அரை மணியிலிருந்து ஒன்றரை மணி நேரம்தான். பல ஓபியாய்டுகள் அதைவிட நீண்ட நேரம் உடம்பில் இருக்கும். கண் விழித்துவிட்டார் என்று நகர்ந்துவிட்டால், அவர் திரும்ப மயக்கத்துக்குள் போகலாம்.

நோயாளியே பொத்தானை அழுத்தி மருந்து ஏற்றிக்கொள்ளும் பம்பில் பாதுகாப்பே இந்த மயக்கம்தான்; தூக்கம் வந்தவர் பொத்தானை அழுத்த மாட்டார். ‘தூங்குறார், எழுந்தா வலிக்குமே’ என்று பாசத்தில் மகனோ மனைவியோ அழுத்தும்போது அந்தப் பாதுகாப்பு போய்விடும். இதைக் குடும்பத்தாரிடம் முதல் நாளே சொல்லிவிட வேண்டும். மலச்சிக்கலையும் மறக்கக் கூடாது. குமட்டல், தூக்கக் கலக்கம் எல்லாம் சில நாளில் பழகிவிடும்; மலச்சிக்கல் பழகவே பழகாது. ஓபியாய்டைத் தொடர்ந்து கொடுக்கத் தொடங்கும் அன்றே மலமிளக்கியையும் எழுதச் சொல்லிக் கேட்பது நர்ஸின் வேலை.

மருந்து கேட்காதபோது

இரத்தக் குழாயில் ஏற்றும் ஊசி என்றால் சுமார் 15 முதல் 30 நிமிடத்தில், மாத்திரை என்றால் ஒரு மணி நேரத்தில் திரும்பிப் போய்ப் பார்க்க வேண்டும் என்பது பொதுவான விதி. மருந்து உச்ச பலனைத் தரும் நேரமும், பக்க விளைவு தெரியும் நேரமும் ஏறக்குறைய அதுதான். அப்போது பார்க்காவிட்டால் மருந்து கேட்டதா இல்லையா என்பது யாருக்கும் தெரியாமலேயே போகும்.

அதைவிட முக்கியமான காரணம் ஒன்று இருக்கிறது. முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்து மாவுக்கட்டுப் போட்ட ஓர் இளைஞரை நினைத்துக்கொள்ளுங்கள். இரவு பத்து மணிக்கு ஊசி போட்டாயிற்று. பதினோரு மணிக்கு மறுபடி கூப்பிடுகிறார், இன்னொரு ஊசி. பன்னிரண்டுக்கு இன்னும் அதிகமாகக் கத்துகிறார். பக்கத்துப் படுக்கைக்காரர்கள் முணுமுணுக்கிறார்கள், வயசுப் பையன், வலி தாங்கத் தெரியவில்லை என்று. இங்கே மூன்றாவது ஊசியை எடுப்பதற்கு முன்னால் காலைப் பார்க்கிற நர்ஸ் வேண்டும். கால் விரல்களை நர்ஸ் தன் கையால் மெதுவாக மேலே வளைக்கிறார், அவர் அலறுகிறார். கெண்டைக்கால் கல் மாதிரி இறுகியிருக்கிறது. பாதத்தின் நாடி தெரிகிறது, ஆனால் அது தைரியம் தராது; கடைசி வரை நாடி இருக்கலாம். தசைப் பைக்குள் வீக்கம் கூடி, அழுத்தம் ஏறி, உள்ளே இரத்த ஓட்டம் நிற்கும் அவசர நிலை இது. சில மணி நேரத்துக்குள் கட்டைப் பிரித்து, தேவைப்பட்டால் தசை உறையைக் கிழித்து அழுத்தத்தை விடுவிக்காவிட்டால் தசை செத்துவிடும், காலே போகலாம். காயத்தின் அளவுக்குப் பொருந்தாத, மருந்துக்கு அடங்காத வலிதான் இதன் முதல் அறிகுறி. நினைவோடு இருப்பவரிடம் பல நேரம் அது ஒன்றுதான் அறிகுறி.

குடல் ஆபரேஷன் ஆகி மூன்று நான்கு நாள் நன்றாக இருந்தவருக்குப் புதிதாக வலி கூடி, நாடியும் ஏறினால், உள்ளே போட்ட தையல் கசிகிறதோ என்று யோசிக்க வேண்டும். இப்படிப் பல நேரங்களில் வலிதான் செய்தியே. மருந்து கொடுத்து அடக்கிவிட்டால் செய்தி மறைந்துவிடும் என்று மருந்தையே மறுத்த காலமும் உண்டு. அது தேவையில்லை என்று பிற்பாடு தெளிவாயிற்று: கடும் வயிற்று வலிக்கு மருந்து கொடுத்த பிறகும் நோயைக் கண்டுபிடிக்க முடிகிறது. கொடுக்கலாம், கொடுத்துவிட்டுத் திரும்பிப் பார்க்க வேண்டும்.

பார்த்ததை டாக்டரிடம் சொல்லும் விதத்திலும் ஒரு பகுதி அடங்கியிருக்கிறது. ‘ஏழாம் நம்பர் பெட்காரர் வலிக்குதுங்கறார் டாக்டர்’ என்று ராத்திரி இரண்டு மணிக்குச் சொன்னால், ‘இன்னொரு ஊசி போடுங்க, காலையில் வந்து பார்க்கிறேன்’ என்ற பதில்தான் வரும். ‘மாவுக்கட்டு போட்டு எட்டு மணி நேரம் ஆச்சு. இரண்டு டோஸ் மார்ஃபின் கேட்கலை, ஏழு இருந்தது இப்ப பத்து. விரலை நீட்டினா தாங்க முடியலை, கெண்டைக்கால் இறுகியிருக்கு. நீங்க இப்பவே வந்து பார்க்கணும்’ என்றால் அவர் கிளம்புவார். கடைசி வாக்கியத்தைச் சொல்லத்தான் பலருக்கும் தயக்கம். அதைச் சொல்ல வைக்கும் சூழல் மருத்துவமனையில் இருக்கிறதா என்பது நர்ஸின் திறமையை மட்டும் பொறுத்ததில்லை.

இடையில் ஒன்று: நர்ஸால் தானே முடிவெடுத்து எவ்வளவு செய்ய முடியும் என்பது நாட்டுக்கு நாடு மாறும். பிரிட்டனில் கூடுதல் பயிற்சி பெற்ற நர்ஸுகள் 2012 முதல் மார்ஃபின் போன்ற கட்டுப்பாட்டு மருந்துகளையும் தாங்களே எழுதலாம். பல இடங்களில் பாராசிட்டமாலுக்குக்கூட டாக்டரின் கையெழுத்து வேண்டும். ஓபியாய்டு பெட்டிக்கு இரண்டு பேர் கையெழுத்து, சாவி வேறொருவரிடம், அவர் வேறு வார்டில் என்றால், கேட்டதற்கும் ஊசி ஏறுவதற்கும் நடுவே முக்கால் மணி ஓடிவிடும். அந்த நேரத்தில் நோயாளி திட்டுவது நர்ஸைத்தான்.

கையால் செய்யக்கூடியது

ரொனால்ட் மெல்சாக்கும் பேட்ரிக் வாலும் 1965-இல் வெளியிட்ட ‘வாயில் கதவு’ கோட்பாடு, தண்டுவடத்தில் வலிச் செய்திகளை விடவோ தடுக்கவோ செய்யும் ஓர் ஏற்பாடு இருக்கிறது என்றது. தொடுதல், அழுத்தம் போன்ற மற்ற உணர்வுகளும், மூளையிலிருந்து இறங்கி வரும் செய்திகளும் அந்தக் கதவைச் சாத்தலாம். இடித்துக்கொண்ட இடத்தை நாம் தேய்த்துவிடுவதற்கும் காரணம் இதுதான். கோட்பாட்டின் நுணுக்கங்கள் பிறகு மாறினாலும், நர்ஸுகள் காலங்காலமாகச் செய்துவந்தவற்றுக்கு அது ஓர் அறிவியல் அடிப்படை தந்தது.

வயிற்றுத் தையல்மேல் தலையணையை வைத்து அணைத்துக்கொண்டு இருமச் சொல்வது, முழங்காலுக்கு அடியில் சுருட்டிய துணி வைத்து வயிற்றுத் தசையைத் தளர்த்துவது, சுளுக்குக்கு 15, 20 நிமிடம் துணி சுற்றிய ஐஸ், புரட்டிப் படுக்கவைப்பது, இழுபடும் சிறுநீர்க் குழாயைச் சரிசெய்வது. இதில் எதற்கும் கையெழுத்துத் தேவையில்லை. மூத்திரப்பை நிறைந்து வரும் வலிக்கு மார்ஃபின் போட்ட கதைகள் எல்லா வார்டிலும் உண்டு. என்ன செய்யப்போகிறோம், எப்படி இருக்கும், எவ்வளவு நேரம் என்று முன்கூட்டிச் சொன்னாலே பயம் குறையும். பயம் குறைந்தால் வலியும் குறையும். ‘வலிக்காது’ என்று குழந்தையிடம் பொய் சொல்வது ஒரு தடவைதான் பலிக்கும்.

பச்சிளம் குழந்தைகள் விஷயத்தில் மருத்துவம் நிறையக் கடன்பட்டிருக்கிறது. அவர்களின் நரம்பு மண்டலம் வளரவில்லை, வலி தெரியாது என்று நம்பி, போதிய மயக்க மருந்தோ வலி மருந்தோ இல்லாமல் அறுவை சிகிச்சை செய்வது 1980-கள் வரை நடந்தது. இன்று குதிகாலில் இரத்தம் எடுப்பதற்கே இரண்டு நிமிடம் முன்னால் நாக்கில் சில சொட்டுச் சர்க்கரைக் கரைசல் விடுகிறார்கள். தாய் பால் கொடுத்துக்கொண்டிருக்கும்போதோ, வெற்று மார்போடு அணைத்துக்கொண்டிருக்கும்போதோ ஊசி போடுவது அதற்குச் சமமாகவோ மேலாகவோ உதவுகிறது. ஒரே ஒரு எச்சரிக்கை: இவையெல்லாம் மருந்தோடு சேர்த்துச் செய்வதற்கு. பத்துக்கு ஒன்பது என்பவரிடம் பாட்டுக் கேளுங்கள் என்று சொல்வது அலட்சியம்.

சிசிலி சாண்டர்ஸ் ‘முழு வலி’ என்று குறிப்பிட்டது இதன் இன்னொரு பக்கம். புற்றுநோய் முற்றியவரின் வலியில் கட்டியின் அழுத்தமும் உண்டு. பிள்ளைகள் என்ன ஆவார்கள் என்ற கவலை, கடன், யாரோ ஒருவரிடம் பேசாமல் விட்ட சண்டை, ஏன் எனக்கு என்ற கேள்வி எல்லாமும் உண்டு. மார்ஃபினைக் கூட்டிக்கொண்டே போயும் குறையாத வலி, பேச ஒருவர் உட்கார்ந்த பிறகு குறைந்ததைப் பார்த்தவர்கள் இந்தத் துறையில் நிறையப் பேர். இரவு ஷிஃப்டில் முப்பது பேருக்கு ஒரு நர்ஸ் என்றால் யார் உட்காருவது என்பது நியாயமான கேள்வி. அதற்கான பதில் நர்ஸிடம் இல்லை.

வீட்டுக்கு அனுப்பும்போது

மருத்துவமனையில் ஆறு மணிக்கொருமுறை கொடுத்த மாத்திரை, வீட்டுக்குப் போனதும் ‘வலிச்சா போட்டுக்கிறேன்’ என்று ஆகிவிடும். முதல் நாள் ராத்திரியே வலி உச்சத்துக்கு ஏறும். அதனால் முதல் இரண்டு மூன்று நாள் எந்த மாத்திரை எத்தனை மணிக்கு என்று நேரத்தோடு எழுதிக் கொடுக்க வேண்டும். எதை முதலில் நிறுத்துவது, அநேகமாக ஓபியாய்டைத்தான், என்பதையும் சொல்ல வேண்டும். அதைச் சாப்பிடும்வரை வண்டி ஓட்டக் கூடாது, மதுவோடும் தூக்க மாத்திரையோடும் சேர்க்கக் கூடாது. மிச்சமானதைப் பக்கத்து வீட்டு முதுகு வலிக்குத் தானம் செய்யக் கூடாது. குழந்தைகள் கைக்கு எட்டாமல் பூட்டிவைத்து, மருந்துக் கடையிலோ மருத்துவமனையிலோ திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். இதையெல்லாம் ஒரே மூச்சில் ஒப்பித்துவிட்டுக் கையெழுத்து வாங்கினால் பாதிகூட மனதில் நிற்காது. ‘ராத்திரி வலி வந்தா என்ன பண்ணுவீங்க?’ என்று கேட்டு, அவர் வாயாலேயே சொல்ல வைக்க வேண்டும்.

சீட்டின் கீழே கூப்பிட வேண்டிய தொலைபேசி எண்ணும், காத்திருக்கக் கூடாத வலிகளும் இருக்க வேண்டும்: குறைந்துகொண்டே வந்து திடீரென்று கூடுவது, காய்ச்சலோடு வருவது, ஒரு கால் மட்டும் வீங்கி வலிப்பது, மாவுக்கட்டுக்குள் இறுகுவது, மூச்சு இழுக்கும்போது நெஞ்சில் குத்துவது.